குளிருக்கு அஞ்சும் குளிர்சாதனப் பெட்டி

குளிர்சாதனப் பெட்டி குளிரில் வேலை செய்யாது என்று யாராவது சொன்னால் அதை வேடிக்கைப் பேச்சு என்றே எவரும் எண்ணுவர். வெயில் கொளுத்தும்போது அது திணறினால் அதில் ஒரு நியாயம் உண்டு. வெளியே உறைபனி கொட்டிக் கிடக்கையில் அந்தப் பெட்டிக்கு என்ன சங்கடம் வந்துவிடப் போகிறது? ஆயினும் வட அமெரிக்காவின் குளிர்காலத்தை வாகன வீடுகளில் கழிப்போர் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் தொல்லைகளுள் இதுவும் ஒன்று. அடுப்பு எரிகிறது, விளக்கு எரிகிறது, வண்டிக்குள் சூடும் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி மட்டும் தன் தொழிலை மறந்து நிற்கிறது. இதன் காரணத்தைத் தேடிப் போனால் நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு நம்முன் விரிகின்றது.

ஆர்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த வண்டிகளில் படுக்கை, அடுப்பு, குளியலறை, குளிர்சாதனப் பெட்டி ஆகிய யாவும் உண்டு. கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வாழும் நம்மவர்கள் சிலர் கோடை விடுமுறையில் இவற்றை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு மலைகளுக்கும் ஏரிக்கரைகளுக்கும் போய் வருவதுண்டு. அவர்களுக்கு இது உல்லாசம். ஆண்டு முழுவதும் இதற்குள்ளேயே வாழ்கின்றவர்களும் இருக்கின்றனர். 2008ஆம் ஆண்டையொட்டி வட டக்கோட்டா மாநிலத்தின் பேக்கன் எண்ணெய்ப் படுகையில் வேலை பெருகியபோது, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வில்லிஸ்ரன் என்ற சிறு நகரை நோக்கிச் சென்றனர். அங்கே வீடுகள் போதவில்லை. கிடைத்த வீடுகளின் வாடகையோ கைக்கெட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே பெருந்தொகையானோர் வாகன வீடுகளிலேயே குளிர்காலத்தைக் கழித்தனர். பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகை செல்சியஸ் வரை இறங்கக்கூடிய குளிர் அது. வண்டியின் அடிப்புறத்தைச் சுற்றி ஒட்டுப்பலகையாலும் நுரைப்பலகையாலும் வைக்கோல் கட்டுகளாலும் அடைத்து, தண்ணீர்க் குழாய்களுக்குச் சூட்டு நாடா சுற்றி, அவர்கள் தம்மைக் காத்துக் கொண்டனர்.

அத்தகைய வாழ்வில் குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டால் உணவை வெளியே பனியில் வைத்துவிடலாமே என்று கேட்கலாம். இறைச்சிக்கு அது பொருந்தும். பால் போத்தல் வெடிக்கும். முட்டை பிளக்கும். கீரையும் தக்காளியும் உறைந்து உருகியபின் எதற்கும் உதவா. நீரிழிவு நோயாளி ஒருவர் அங்கே இருப்பாரானால் நிலைமை இன்னும் மோசம். இன்சுலின் ஒரு தடவை உறைந்துவிட்டால் அதனைக் கழித்து விடவேண்டியதுதான். திறக்காத இன்சுலின் போத்தலுக்குத் தேவைப்படுவது இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய வெளி. குளிர்சாதனப் பெட்டியின் வேலை அந்தக் குறுகிய வெளியைக் காவல் செய்வதேயாகும். கோடையில் வெப்பத்திலிருந்து காப்பதுபோலவே மாரியில் உறைவிலிருந்தும் அது பொருள்களைக் காக்கவேண்டும்.

வாகன வீட்டில் வழக்கமாகப் பொருத்தப்பட்டு வந்த பெட்டி இந்தக் காவலை நெருப்பைக் கொண்டு செய்கிறது. அதன் பின்புறத்தில் எரிவாயுச் சுடர் ஒன்று எரிகிறது. அதனால் முன்புறம் குளிர்கிறது. நெருப்பிலிருந்து குளிரைப் பெறும் இந்த வித்தையை மனிதன் எப்படிக் கற்றான் என்பதை முதலில் பார்ப்போம்.

பனிக்கட்டியும் போரும்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குளிர் என்பது கப்பலில் ஏற்றி விற்கப்படும் சரக்காக இருந்தது. பொஸ்ரன் நகர வணிகரான பிரெட்ரிக் ரியூடர், மாரிகாலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டியை 1806இல் கரிபியன் தீவான மார்ட்டினிக்குக்கு அனுப்பினார். 1833இல் அவருடைய பனிக்கட்டி கல்கத்தாவை அடைந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கென்றே ஒரு களஞ்சியம் கட்டப்பட்டது. பிற்காலத்தில் 1897இல் விவேகானந்தர் தங்கியதனால் புகழ்பெற்று, இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம் அதுதான். 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயர் இன்னும் அந்தப் பகுதியை விட்டுப் போகவில்லை.

அமெரிக்காவின் தென் மாநிலங்களும் வடக்கின் பனிக்கட்டியையே நம்பியிருந்தன. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்குக் கடற்படை தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட்டது. பஞ்சு வெளியே போகவில்லை. பனிக்கட்டி உள்ளே வரவில்லை. காய்ச்சலில் கிடந்த நோயாளிகளுக்கும் காயம்பட்ட படையினருக்கும் பனிக்கட்டி ஒரு மருத்துவப் பொருள் என்பதை மறந்துவிடலாகாது. அவ்வேளையில்தான் பிரான்சிலிருந்து ஓர் இயந்திரம் முற்றுகையை ஊடறுத்துக் கடத்திவரப்பட்டது. நியூ ஓர்லியன்சுக்கும், மெக்சிக்கோ வழியாக ரெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அதனை ஆக்கியவர் பெர்டினண்ட் காரே. 1859இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1862இல் லண்டனில் நடைபெற்ற சர்வதேசக் கண்காட்சியில் அது பனிக்கட்டி செய்வதைக் கண்டு பார்வையாளர்கள் வியந்தனர்.

காரேயின் இயந்திரத்துக்கு அடிப்படையான உண்மை அதற்குச் சில தசாப்தங்களுக்கு முன்னரே வெளிப்பட்டிருந்தது. 1820களில் மைக்கேல் பரடே, அமோனியாவை உறிஞ்சிய வெள்ளிக் குளோரைட்டை வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் வைத்துச் சூடாக்கினார். வெளியேறிய அமோனியா, குளிர வைக்கப்பட்டிருந்த மறுமுனையில் திரவமாயிற்று. சூட்டை நீக்கியபோது அந்தத் திரவம் தானே கொதித்து மீண்டும் பழைய இடத்துக்குத் திரும்பியது. அப்படிக் கொதிக்கையில் சுற்றியிருந்த வெப்பத்தை அது விழுங்கியது. குழாயின் அந்த முனை சில்லிட்டது.

ஒரு திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை நம்முடைய மண்பானை தினந்தோறும் காட்டுகிறது. பானையில் கசியும் நீர் காற்றோடு போய்விடும். நாம் மறுபடி நிரப்புவோம். அமோனியாவை அப்படிப் போகவிட முடியாது. ஆவியானதைப் பிடித்து மீண்டும் திரவமாக்க வேண்டும். காரே அதற்குத் தண்ணீரைப் பயன்படுத்தினார். தண்ணீர் அமோனியாவைப் பேராசையோடு குடிக்கும். சூடாக்கினால் குடித்ததைக் கக்கிவிடும். இந்தக் குடித்தலும் கக்குதலுமே இயந்திரத்தின் மூச்சு. ஒரேயொரு குறை இருந்தது. அமுக்கம் குறைந்த பக்கத்திலிருந்து அமுக்கம் கூடிய பக்கத்துக்குக் கரைசலைத் திருப்பி அனுப்ப ஒரு பம்பி தேவைப்பட்டது. தொழிற்சாலைக்கு அது பெரிய காரியமன்று. ஒரு வீட்டின் சமையலறைக்கு அது ஒத்துவரவில்லை.

ஸ்ரொக்ஹோமில் இரு மாணவர்கள்

அந்தப் பம்பியை இல்லாமற் செய்தவர்கள் சுவீடனைச் சேர்ந்த இரு மாணவர்கள். ஸ்ரொக்ஹோம் அரச தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்த பல்ற்சார் வொன் பிளாற்றன், கார்ள் முன்ரர்ஸ் என்போர் 1922இல் தமது கண்டுபிடிப்பை வெளியிட்டனர். இருவருக்கும் அப்போது இருபத்தைந்து வயதுக்கு மேலிராது. அமோனியா, தண்ணீர் என்ற இரண்டோடு மூன்றாவதாக ஐதரசன் வாயுவையும் அவர்கள் குழாய்க்குள் சேர்த்தனர். அதனால் என்ன நிகழ்ந்தது என்பதைச் சற்று விளக்கவேண்டும்.

பெட்டியின் பின்புறத்தில் அடியிலுள்ள கொதிகலத்தில் அமோனியா கரைந்த நீர் சூடாகிறது. கோப்பி வடிக்கும் சில பாத்திரங்களில் குமிழிகள் தண்ணீரை மேலே தூக்கிச் செல்வதுபோல, இங்கும் ஒரு மெல்லிய குழாயில் குமிழிகள் கரைசலை மேலே ஏற்றுகின்றன. அமோனியா ஆவி பிரிந்து இன்னும் உயரே போகிறது. கூடவே வந்த நீராவி வழியில் குளிர்ந்து கீழே வழிந்துவிடுகிறது. உச்சியிலுள்ள ஒடுக்கியில் அமோனியா தன் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. அங்கிருந்து அது உணவு வைக்கும் அறையை ஒட்டிய ஆவியாக்கிக்குள் இறங்குகிறது. அங்கே ஐதரசன் காத்திருக்கிறது.

குழாய்த் தொகுதி முழுவதிலும் மொத்த அமுக்கம் ஒன்றுதான். ஆனால் ஆவியாக்கியில் அந்த அமுக்கத்தின் பெரும் பங்கை ஐதரசன் தாங்கிக்கொள்கிறது. அமோனியாவின் பங்கு சிறிதாகிறது. ஆகவே அது மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே ஆவியாகிவிடுகிறது. உணவறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அமோனியா கலந்த வாயு பாரமானது என்பதால் தானாகவே கீழே இறங்கி உறிஞ்சிக் குழாய்களை அடைகிறது. கொதிகலத்திலிருந்து வந்த, அமோனியா குறைந்த நீர் அங்கே அதனைக் குடித்துவிடுகிறது. தண்ணீரில் கரையாத ஐதரசன் இலேசாகி மேலே திரும்புகிறது. கரைசல் கொதிகலத்துக்கு மீள்கிறது. புவியீர்ப்பும் ஒரு சிறு சுடரும் போதும். சுழலும் உறுப்போ உராயும் உறுப்போ இதில் எதுவும் இல்லை. ஆகையால் சத்தமும் இல்லை.

எலெக்ரோலக்ஸ் நிறுவனம் 1925இல் இந்தக் கண்டுபிடிப்பைத் தனதாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. எரிவாயு, மண்ணெண்ணெய், மின்சாரம் ஆகிய எந்தச் சூட்டாலும் அதனை இயக்கலாம் என்பது அதன் பெருஞ்சிறப்பு.

அதே காலத்தில் பேர்லினில் இன்னும் இருவர் இத்துறையில் இறங்கினர். ஒருவர் அல்பேர்ட் ஐன்ஸ்டைன். மற்றவர் லியோ சிலார்ட். அந்நாளைய மின்சாரக் குளிர்சாதனப் பெட்டிகளில் சல்பர் டையொக்சைட்டு, மெதில் குளோரைட்டு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. பெட்டியிலிருந்து கசிந்த வாயுவால் ஒரு குடும்பமே மாண்டுபோன செய்தியைப் பத்திரிகையில் படித்ததே இவர்களின் முயற்சிக்குத் தூண்டுதலாயிற்று என்பர். கசிவு இயங்கும் உறுப்புகளின் பொருத்துகளிலேயே ஏற்படுகின்றது. எனவே இயங்கும் உறுப்பே இல்லாத பெட்டி வேண்டும் என்பது அவர்களின் வாதம். 1930இல் அவர்களுக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. எலெக்ரோலக்ஸ் அவர்களது காப்புரிமைகள் சிலவற்றை வாங்கிக்கொண்டது. எனினும் ஐன்ஸ்டைனின் பெட்டி எந்த வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை.

முனகும் பெட்டி வென்ற கதை

சத்தமில்லாத, தேயும் உறுப்பில்லாத ஒரு பெட்டி 1920களிலேயே இருந்ததென்றால் நம் வீடுகளில் ஏன் முனகிக்கொண்டிருக்கும் மின்சாரப் பெட்டிகள் நிற்கின்றன? தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட தமது நூலொன்றில் இக்கேள்வியை எழுப்பினார். பொறியியலில் எது சிறந்தது என்பது மட்டும் முடிவைத் தீர்மானிக்கவில்லை என்பது அவர் கண்ட விடை. ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற பெரு நிறுவனங்களிடம் ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் கொட்டுவதற்குப் பணம் இருந்தது. இரவு பகலாக மின்சாரத்தை உறிஞ்சும் ஒரு சாதனம் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது மின் நிறுவனங்களுக்கும் இலாபம். எரிவாயுப் பெட்டிக்கு அமெரிக்காவில் முக்கியமாக இந்தியானா மாநிலத்தின் சேர்வெல் நிறுவனம் ஒன்றே நின்று போராடியது.

சேர்வெல் தனது பெட்டிகளை 1950களின் பிற்பகுதி வரை உற்பத்தி செய்தது. அவற்றுட் பல அதற்குப் பின்னரும் தசாப்தக் கணக்கில் உழைத்தன. அந்த நீண்ட ஆயுளே பின்னர் ஆபத்தாகவும் முடிந்தது. சுடர் சரியாக எரியாத பழைய பெட்டிகளிலிருந்து காபன் மொனொக்சைட்டு வெளியேறி மரணங்கள் நிகழ்ந்தமையால், அவற்றைப் பயன்பாட்டிலிருந்து நீக்குமாறு அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு எச்சரிக்கை விடுத்தது. நெருப்பைக் கொண்டு குளிரைச் செய்பவன் காற்றோட்டத்தை மறந்துவிடலாகாது என்பதே அதன் பாடம். பனிக்காலத்து வாகன வீட்டுக்கும் இந்தப் பாடம் பொருந்துவதை ஈண்டு நினைவிற் கொள்ளவேண்டும்.

நகரத்தில் தோற்ற பெட்டி, மின்கம்பி எட்டாத இடங்களில் வாழ்ந்தது. மின்சாரத்தை விலக்கி வாழும் ஆமிஷ் மக்களின் வீடுகளில் அது இருந்தது. வெப்பமண்டல நாடுகளின் கிராமிய மருத்துவ நிலையங்களில் மண்ணெண்ணெயில் எரிந்துகொண்டு தடுப்பு மருந்துகளைக் காத்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றிக் கிடந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு, மின்செருகி தேவைப்படாத ஓர் இயந்திரத்தின் அருமையை எவரும் விளக்கவேண்டியதில்லை. மண்ணெண்ணெயும் தடைப்பட்டால் அந்த இயந்திரமும் ஊமையாகிவிடும் என்பதையும் அவர்கள் அறிவர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இழுவை வீடுகள் பெருகியபோது, ஐஸ் பெட்டிகளின் இடத்தில் இந்த எரிவாயுப் பெட்டி ஏறிக்கொண்டது. சமைப்பதற்கு வைத்திருக்கும் எரிவாயுக் கலனே இதற்கும் போதும். காட்டின் நடுவே வண்டியை நிறுத்தினாலும் நாட்கணக்கில் இயங்கும். எலெக்ரோலக்ஸின் இந்தப் பிரிவு 2001இல் தனியாக விற்கப்பட்டு டொமெற்றிக் என்ற பெயரில் நடைபெறலாயிற்று. வாகன வீட்டுக்காரர்களிடையே அப்பெயரை அறியாதார் இலர்.

புவியீர்ப்பை நம்பியிருக்கும் இயந்திரம் என்பதால், வண்டியைச் சரிவில் நிறுத்தினால் திரவம் போகவேண்டிய வழியிற் போகாமல் தேங்கும். கொதிகலம் வறண்டு அளவுக்கு மீறிச் சூடாகும். குழாய் பழுதடையும். ஆகவே வண்டியை நிறுத்தியதும் மட்டம் பார்ப்பது பழைய வாகன வீட்டுக்காரரின் முதல் வேலையாக இருந்தது. மட்டத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். குளிரை அவ்வளவு எளிதாகச் சமாளிக்க முடிவதில்லை.

குளிர் வந்தால் நிகழ்வது

வீட்டிலுள்ள மின்சாரப் பெட்டி அறைக்குள் நிற்கிறது. அதன் முதுகும் அறையின் சூட்டில்தான் இருக்கிறது. வாகன வீட்டுப் பெட்டியின் முகம் உள்ளே, முதுகு வெளியே. சுடருக்குக் காற்று வேண்டும்; புகை வெளியேற வேண்டும்; குழாய்களின் வெப்பமும் போகவேண்டும். அதற்காக வண்டியின் புறச்சுவரில் காற்றுத்துளைத் தட்டிகள் வைத்திருக்கிறார்கள். கோடையில் உயிர் கொடுக்கும் அதே துளைகள் வழியாக மாரியில் பனிக்காற்று நேரே புகுந்து கொதிகலத்திலும் உறிஞ்சியிலும் அறைகிறது.

முதலாவதாக, சுடரின் வெப்பம் கரைசலுக்குப் போய்ச் சேருமுன் காற்றோடு போய்விடுகிறது. குமிழிகள் குறைகின்றன. கரைசலை மேலே தூக்க வலு போதவில்லை. மேலே கிளம்பிய அமோனியா ஆவியும் ஒடுக்கியை அடையுமுன்பே குளிர்ந்து திரவமாகிப் புறப்பட்ட இடத்துக்கே வழிந்துவிடலாம். குளிர் இன்னும் கடுமையானால் கீழ்க்குழாய்களிலுள்ள கரைசல் கூழ்போலத் தடித்து ஓட்டம் நின்றுவிடும் என்று இத்துறையில் திருத்த வேலை செய்வோர் கூறுவர். அமோனியா கலந்த நீர் சாதாரண நீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உறையும் என்பது உண்மைதான். என்றாலும் அமோனியா குறைந்த கரைசலுக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு.

இரண்டாவது காரணம் எரிவாயுவில் இருக்கிறது. கலனிலுள்ள திரவ வாயு ஆவியானால்தான் சுடருக்குப் போகும். புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையில் கொதிக்கும். பியூட்டேனின் கொதிநிலையோ ஏறக்குறைய பூச்சியத்திலேயே நிற்கிறது. உறைகுளிரில் பியூட்டேன் கலனுக்குள் திரவமாகவே கிடந்துவிடும். அடுப்பும் எரியாது, பெட்டியும் இயங்காது. வெப்ப நாடுகளுக்குப் பியூட்டேன் மிகுந்த கலவை ஏற்றது; குளிர் நாடுகளுக்குப் புரொப்பேன் வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் சமையல் எரிவாயு வெடிப்புகள் தொடர்ந்தபோது இவ்விரண்டின் கலவை விகிதம் பற்றி நாடே பேசியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கலவை மாறினால் கலனுக்குள் அமுக்கமும் மாறும் என்பதே இரு இடத்திலும் உள்ள அடிப்படை.

மூன்றாவது காரணம் நுட்பமானது. பெட்டியை இயக்குவதா நிறுத்துவதா என்பதை உணவறையின் வெப்பநிலையை அறியும் ஓர் உணரியே தீர்மானிக்கிறது. வண்டிக்குள்ளேயே குளிர் மிகுந்திருந்தால் உணவறை தானாகவே குளிர்ந்திருக்கும். போதிய குளிர் உண்டென்று எண்ணி உணரி சுடரைத் தணித்துவிடும். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகைக்கு மேல் இருக்கவேண்டிய உறைபெட்டிக்கு அந்தக் குளிர் போதாது. அதிலுள்ள மீனும் இறைச்சியும் மெல்ல இளகத் தொடங்கும். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள நம்மவர் வீடுகளில் இரண்டாவது குளிர்சாதனப் பெட்டியைக் கார்க் கொட்டகையில் வைத்திருப்போரும் இதனை அனுபவித்திருக்கக்கூடும். மாரியில் கொட்டகை உறையும்போது மேற்தட்டு மீன் இளகிக் கிடப்பதற்கு அநேகமாக இதுவே காரணம். அங்கே இருப்பது மின்சாரப் பெட்டி. எனினும் உணரியின் ஏமாற்றம் ஒன்றுதான்.

இவற்றுக்கான பரிகாரங்கள் எளியவை. எல்லாவற்றின் சாரமும் பெட்டியின் முதுகைச் சூடாக வைத்திருப்பதே. ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் காற்றுத்துளைத் தட்டிகளுக்கு மாரிகால மூடிகளை விற்கின்றனர். வெளி வெப்பநிலை எட்டு, பத்துப் பாகைக்குக் கீழே இறங்கும்போது அவற்றைப் பொருத்தவேண்டும் என்பது அவர்களின் அறிவுறுத்தல். வட அமெரிக்காவில் பலர் கீழ்த் தட்டியின் ஒரு பகுதியைத் தாமே பலகையாலோ நாடாவாலோ அடைத்துக்கொள்கின்றனர். சுடர் மூச்சு விடுவதற்கு அடியில் இடம் விடவேண்டும். புகை போகும் மேல்வழியை ஒருபோதும் அடைக்கலாகாது. அடைத்தால் சேர்வெல் பெட்டிகள் புகட்டிய பாடம் மறுபடியும் உயிர்களை விலையாகக் கேட்கும். காபன் மொனொக்சைட்டு உணர்த்தும் கருவியை வண்டிக்குள் வைத்திருப்பது இன்றியமையாதது.

இன்னொரு பரிகாரம், தட்டிக்குப் பின்னால் குறைந்த வலுவுள்ள பழைய இழை மின்குமிழ் ஒன்றைப் பாதுகாப்பாகத் தொங்கவிட்டு எரியவிடுவது. மின்சாரத்தை ஒளியைவிட வெப்பமாகவே அதிகம் மாற்றுவதனால் பழிக்கப்பட்ட குமிழ் அது. 2023இல் ஐக்கிய அமெரிக்காவில் அவ்வகைக் குமிழ்களுட் பெரும்பாலானவற்றின் விற்பனைக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. புதிய எல்.ஈ.டி. குமிழால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதற்குப் பதிலாக வெப்பக் கட்டுப்பாட்டுடன் கூடிய சூட்டு நாடாக்களைப் பயன்படுத்துகின்றனர். வெயில் திரும்பியதும் இந்த மூடிகளையும் சூட்டையும் நீக்கிவிட வேண்டும்; இல்லையேல் பெட்டி வெப்பத்தால் திணறும். குழாயருகே மஞ்சள் நிறப் படிவோ அமோனியா நெடியோ தென்பட்டால் இவை எவையும் உதவா. அரிப்பைத் தடுக்கக் கரைசலில் சேர்க்கப்படும் சோடியம் குரோமேற்றின் நிறமே அந்த மஞ்சள். அது வெளியே தெரிந்தால் குழாய் ஓட்டையாகிவிட்டது என்று பொருள். கசிவினால் தீப்பற்றும் அபாயமும் உண்டு. இத்தகைய அபாயங்களுக்காக 2006இலும் 2010இலும் வாகன வீட்டுப் பெட்டிகள் பெருந்தொகையாக மீளழைக்கப்பட்டன.

குறுகிய வெளியின் காவல்

குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு மேற் குளிர்ந்தாலும் கேடுதான் என்பதைத் தடுப்பு மருந்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1974இல் விரிவாக்கிய தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியபின், மின்சாரமற்ற ஊர்களுக்கு மருந்தைக் கொண்டுசெல்ல மண்ணெண்ணெயாலும் எரிவாயுவாலும் இயங்கும் இந்தப் பெட்டிகளே கைகொடுத்தன. வெப்பம் மருந்தைக் கெடுத்துவிடும் என்ற அச்சமே அன்று எல்லோர் மனத்திலும் இருந்தது. ஏற்புவலி, ஈரல் அழற்சி பி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் உறைந்தால் வீரியம் இழக்கும் என்பதற்கு அதேயளவு கவனம் கிடைக்கவில்லை. திரியை உயர்த்தித் தாழ்த்தி மட்டுமே கட்டுப்படுத்தக்கூடிய பெட்டியில் சுவரோரம் வைத்த மருந்து உறைவது எளிது. உறைந்து இளகிய மருந்து பார்வைக்கு நல்லதாகவே தோன்றும். அதனை ஏற்றிக்கொண்ட குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை என்பது நோய் வரும்போதுதான் தெரியும். சூரிய ஒளியில் நேரடியாக இயங்கும் பெட்டிகள் வந்தபின் மண்ணெண்ணெய்ப் பெட்டிகள் இப்பணியிலிருந்து படிப்படியாக ஓய்வு பெற்றன.

வாகன வீடுகளிலும் இப்போது மாற்றம் நிகழ்கிறது. சூரியத் தகடுகளும் லிதியம் மின்கலங்களும் மலிவடைந்ததனால் 12 வோல்ற் மின்சாரத்தில் இயங்கும் சிறு அமுக்கிப் பெட்டிகள் எரிவாயுப் பெட்டிகளின் இடத்தைப் பிடித்து வருகின்றன. மட்டம் பார்க்கத் தேவையில்லை. சுவரில் துளையும் வேண்டியதில்லை. ஆயினும் குளிர் இங்கும் விடுவதில்லை. வாகன வீடுகளில் பெரிதும் பயன்படும் லிதியம் இரும்பு பொஸ்பேற்று மின்கலத்தை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் அது நிரந்தரமாகப் பழுதடையும். ஆகவே மின்கலத்தைச் சூடாக்க ஒரு சாதனம் வைக்கின்றனர். பெட்டியின் முதுகைச் சூடாக்கியவன் இன்று மின்கலத்தைச் சூடாக்குகிறான்.

2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரெக்ஸாஸ் மாநிலத்தைத் தாக்கிய பனிப்புயல் இதனைப் பேரளவில் உணர்த்தியது. வெப்பத்துக்கெனக் கட்டப்பட்ட எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையங்களும் குளிரில் உறைந்து நின்றன. நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் நிலையங்களும் இருளில் மூழ்கின. 246 பேர் உயிரிழந்தனர் என்று மாநில சுகாதாரத் திணைக்களம் கணக்கிட்டது. பெரும்பாலோர் குளிரால் மாண்டனர். சூடு தேடிக் கரி அடுப்பையும் மின்பிறப்பாக்கியையும் மூடிய இடத்தில் இயக்கியதால் நச்சுப்புகைக்குப் பலியானோரும் அவர்களுள் உண்டு. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன், வெப்பத்தைத் தணிக்கும் ஐஸுக்காகக் காரேயின் இயந்திரத்தைக் கடத்திக் கொண்டுவந்த அதே மாநிலம் அது.

குளிர் ஒரு பொருளன்று. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுவதன் பெயரே குளிர்வித்தல். கொட்டுகின்ற இடம் எப்படியிருக்கும் என்று ஓர் இயந்திரத்தை ஆக்கியவர் எண்ணியிருந்தாரோ, அந்த எண்ணத்துக்குள்தான் அந்த இயந்திரம் உழைக்கும். கோடைகால உல்லாசப் பயணிக்காகச் செய்யப்பட்ட பெட்டிக்குள், வீடற்ற ஒரு தொழிலாளி தன் மாரிகால உணவையும் மருந்தையும் வைக்க நேர்ந்தது பொறியியலாளரின் பிழையாகாது. வீட்டு வாடகை கட்ட முடியாத காலமொன்றின் விளைவு அது. அந்தத் தொழிலாளிக்கு இன்று உடனடியாக உதவக்கூடியவை ஒரு பலகைத் துண்டும், ஒரு சூட்டு நாடாவும், நச்சுப்புகையை உணர்த்தும் ஒரு சிறு கருவியுமே. அவற்றை எங்கே வைக்கவேண்டும், எதனை அடைக்கக் கூடாது என்று அறிவதற்கு இந்த வரலாறு பயன்படுமாயின் அதுவே போதும்.